பாட்ட நிலத்தில் மோட்டார் பழுதானால் செலவு யாரைச் சேர்ந்தது?

மாசி கழிந்து, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கால்வாய்களில் தண்ணீர் நிறுத்தப்பட்டதும், நாஞ்சில் நாட்டு வாழைக்குக் கிணறும் பம்புசெட்டுமே துணை. அந்த நாட்களில் மோட்டார் ஒரு வாரம் நின்றாலும் பயிர் வாடும். பத்து நாட்கள் நின்றால் குலை சிறுத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தோவாளை வட்டத்தில் ஒரு வாழைத் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வயலைப் பாட்டத்திற்கு எடுத்து ஏத்தன் வாழை பயிரிட்டிருந்தார் ஓர் உழவர். வாழை குலை தள்ளத் தொடங்கிய பருவம். கிணற்றில் நீர் இருந்தது. ஆனால் 5 குதிரைத்திறன் மோட்டார் கருகிப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. "மோட்டார் உங்களுக்கதுல்லா அண்ணாச்சி, நீங்கதான் கெட்டித் தரணும்" என்று பாட்டக்காரர் சொல்ல, "கெட்டுப்போனது உம்ம கையில வச்சுத்தானே, ஓட்டினவரு நீருல்லா" என்று நிலத்துக்காரர் சொல்ல, இருவருக்கும் இடையில் வாழையின் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் பாதிப் பாதி என்று சமாதானமாயிற்று. ஆனால் அதற்குள் அந்த ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. மோட்டாருக்குச் சுருள் கட்ட ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு இழப்பு அது.

இத்தகைய வழக்குகள் நம் மாவட்டத்தில் புதியவை அல்ல. மோட்டார் கருகிய பிறகு யார் பொறுப்பு என்று பேசுவதைவிட, பாட்டம் பேசும்போதே அதை முடிவு செய்துகொள்வது எளிது. அது எப்படி என்பதை இங்கே காண்போம்.

சிக்கல் ஏன் எழுகிறது?

வேளாண் மின் இணைப்பு பெரும்பாலும் நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது. மோட்டாரை நாள்தோறும் இயக்குபவரோ பாட்டக்காரர். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. எனவே மின் கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சே பாட்டம் பேசும்போது எழுவதில்லை. கட்டணம் இல்லாததால், மின்சாரம் பற்றிய மற்ற செலவுகளையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இத்தனை கோட்டை நெல், அல்லது இத்தனை ஆயிரம் ரூபாய் என்று பாட்டத் தொகையை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், மோட்டார் அறை ஆகியவை பேச்சில் வருவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாகர்கோவிலில் வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டத்தில், பராமரிப்புப் பொறுப்புகள் ஓர் அட்டவணையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, உள்ளும் புறமுமான மின்கம்பிப் பணிகள் வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் போன்றவற்றைப் பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் இந்தச் சட்டம் கட்டடங்களுக்கு உரியது. வயலுக்கும் விளைக்கும் இது பொருந்தாது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் குத்தகையைப் பற்றிப் பேசுகிறது. உடையவர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்திற்குள் அவர் செய்யாவிட்டால், குத்தகைதாரர் தாமே செய்து அந்தச் செலவைக் குத்தகைத் தொகையில் கழிக்கலாம் என்கிறது அதன் 108-ஆம் பிரிவு. வழக்கமான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற கடமையைக் குத்தகைதாரருக்கும் அதே பிரிவு விதிக்கிறது. ஆனால் வேளாண்மைக் குத்தகைகளுக்கு, மாநில அரசு தனியே அறிவித்தால் அன்றி, இவை பொருந்தா என்று 117-ஆம் பிரிவு விலக்கி வைத்துள்ளது.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நிலத்திலிருந்து காரணமின்றி வெளியேற்றப்படாமல் உழவரைக் காக்கிறது. மோட்டார் யார் செலவில் பழுது பார்க்கப்பட வேண்டும் என்ற பட்டியல் அதில் இல்லை. ஆனால் பாட்டக்காரர் மறக்கக் கூடாத ஒரு செய்தி அதில் உண்டு. குத்தகைப் பாக்கி, வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். ஆகவே மோட்டாருக்குச் செலவிட்டேன் என்று சொல்லி, உடையவரின் இசைவு இல்லாமல் பாட்டத்தைத் தாமே குறைத்துக் கொடுப்பது ஆபத்தானது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பாக்கிதாரர் என்ற பெயர் வந்துவிடும்.

ஆக, வயலில் உள்ள மோட்டாரைப் பொறுத்தவரை இருவரும் பேசி எழுதிக்கொள்வதுதான் வழி. எழுதாத இடத்தில் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் மின்வாரியத்தின் எல்லையை அறிவோம்

மின்மாற்றி, கம்பம், கம்பத்திலிருந்து மோட்டார் அறை வரை வரும் கம்பி, வாரியத்தின் கட்-அவுட் ஃபியூஸ் ஆகியவை மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பழுதுக்கு உடையவரும் பொறுப்பல்லர், பாட்டக்காரரும் பொறுப்பல்லர். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்தியவர்கள் வாரியப் பணியாளர்களே. மின்மாற்றியில் ஃபியூஸ் போய்விட்டால் நாமே ஏறிப் போடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிரிவு அலுவலகத்திற்கோ, 94987 94987 என்ற மின்னகம் எண்ணிற்கோ தெரிவியுங்கள். இணைப்பு யார் பெயரில் இருந்தாலும், இணைப்பு எண்ணைச் சொல்லிப் பாட்டக்காரரும் புகார் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், குறைந்த மின்னழுத்தத்தால் மோட்டார் கெட்டது என்று பின்னால் எடுத்துக் காட்ட உதவும்.

கட்-அவுட்டுக்கு இப்பால் உள்ள மெயின் சுவிட்ச், ஸ்டார்ட்டர், கேபிள், மோட்டார், பம்பு, எர்த் ஆகியவைதாம் இருவருக்கும் இடையே பிரித்துக்கொள்ள வேண்டியவை.

நியாயமான பங்கீடு எது?

பாட்டக் காலம் முடிந்த பின்னும் நிலத்தோடு நிலைத்து நிற்பவை உடையவருக்கு. ஒரு பூவிலோ ஓர் ஆண்டிலோ தேய்ந்து தீர்பவையும், கவனக் குறைவால் கெடுபவையும் பாட்டக்காரருக்கு. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

உடையவர் ஏற்க வேண்டியவை: மோட்டார் அறை, மெயின் சுவிட்ச் பலகை, நிலையான கேபிள், எர்த் அமைத்தல், ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேசிங் தடுப்பானும் பொருத்திக் கொடுத்தல், பழைமையால் பயனற்றுப்போன மோட்டாரை மாற்றுதல், புயல், வெள்ளம், இடி ஆகியவற்றால் வரும் சேதம்.

பாட்டக்காரர் ஏற்க வேண்டியவை: ஃபியூஸ் கம்பி, ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள், பேரிங்கிற்குக் கிரீஸ், கிளாண்டு கயிறு, ஃபுட் வால்வுத் தோல், எலி கடித்த சிறு கம்பிகள், தாம் கொண்டுவந்து பொருத்திய கருவிகள், கிணறு வற்றிய பின்னும் ஓடவிட்டுப் பம்பு கெடுவது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட குதிரைத்திறனுக்கு மேல் பெரிய மோட்டாரைப் பாட்டக்காரர் தாமாகப் பொருத்தக் கூடாது. வாரியத்தின் நடவடிக்கை இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் மேல்தான் வரும். தேவஸ்வம் நிலமானால், மோட்டாரை மாற்றவோ புதிதாகப் பொருத்தவோ முன்பாக அலுவலகத்தில் எழுத்து மூலம் இசைவு பெறுவது நல்லது.

கருகிய சுருளே சாட்சி

வழக்கு பெரும்பாலும் எழுவது சுருள் கருகும்போதுதான். உடையவர் ஓட்டியவர் குற்றம் என்பார். பாட்டக்காரர் பழைய மோட்டார் என்பார். எது உண்மை என்பதைச் சுருளே ஓரளவு சொல்லிவிடும். மோட்டாரைக் கழற்றிப் பட்டறையில் திறக்கும்போது இருவரும் உடனிருந்து பாருங்கள். பழைய சுருளை வெட்டி எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஃபேஸ்களில் ஒன்று அறுந்து, மோட்டார் இரண்டில் மட்டும் ஓடினால் அதற்குச் சிங்கிள் பேசிங் என்று பெயர். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இவ்வாறு நேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்குச் சுருள்கள் கருகியிருக்கும். ஒரு பங்கு புதிதுபோல் பளபளப்பாக இருக்கும். டெல்டா இணைப்பானால் ஒரு பங்கு கருகி, இரண்டு பங்கு நல்ல நிலையில் இருக்கும். எல்லாச் சுருள்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மிகைச் சுமையோ, குறைந்த மின்னழுத்தமோ, பம்பு இறுகிக்கொண்டதோ காரணம். ஏதோ ஓரிடத்தில் மட்டும் வெடித்துக் கருகியிருந்தால் ஈரம், இடி, அல்லது மூப்படைந்த காப்பு எனலாம். சுழலி உரசிய தடம் உள்ளே தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

காரணம் தெரிந்தால் பொறுப்பும் தெளிவாகும். சிங்கிள் பேசிங்கில் கருகிய மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தடுப்பான் இல்லாமலே உடையவர் ஒப்படைத்திருந்தால் செலவு அவருடையது. தடுப்பான் இருந்தும், அடிக்கடி நின்றுபோகிறது என்று பாட்டக்காரர் அதைக் கழற்றிவிட்டிருந்தால் செலவு பாட்டக்காரருடையது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் வைத்து இரண்டு ஃபேஸில் ஓட்டுவதும் இப்படித்தான். அதை வைத்தவர் யாரோ அவரே அதன் விளைவையும் ஏற்க வேண்டும்.

எல்லாச் சுருளும் கறுத்திருந்தால் ஓவர்லோடு ரிலேயைப் பாருங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7 முதல் 7.5 ஆம்பியர் வரை எடுக்கும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் சரியான அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ரிலே அந்த அளவுக்கு மேல் திருப்பி வைக்கப்பட்டிருந்தாலோ, ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி கட்டப்பட்டிருந்தாலோ, அதைச் செய்தவரே பொறுப்பாளி. ரிலே சரியாக இருந்தும், பலமுறை சுருள் கட்டப்பட்ட பழைய மோட்டார் கருகினால் அது மூப்பு. செலவு உடையவரைச் சேரும்.

பயிர் காத்திராது

பொறுப்பு யாருடையது என்று முடிவாகும் வரை மோட்டாரைப் பட்டறைக்கு அனுப்பாமல் வைத்திருப்பதே நாம் செய்யும் பெருந்தவறு. குலை தள்ளும் வாழைக்கும், கதிர் வரும் கும்பப்பூ நெல்லுக்கும் நம் வழக்கு தெரியாது. ஆகவே பாட்டம் பேசும்போதே ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றால் பாட்டக்காரர் அன்றே உடையவருக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் உடையவர் ஏற்பாடு செய்யாவிட்டால், பாட்டக்காரர் தாமே பழுது பார்த்து ரசீது வைத்துக்கொள்ளலாம். காரணம் பார்த்து, உடையவர் பங்கை அடுத்த பாட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே உடையவர் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால், கழித்தது பாக்கி என்ற பேச்சுக்கு இடமிராது. உடையவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்தால், உள்ளூரில் அவர் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய மோட்டாரே வாங்க நேர்ந்தால் கணக்கு எப்படி? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மோட்டாரின் விலை 24,000 ரூபாய் எனவும், அது 10 ஆண்டுகள் உழைக்கும் எனவும் இருவரும் ஒப்புக்கொள்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2,400 ரூபாய் தேய்மானம். பாட்டம் இன்னும் 2 ஆண்டுகள் இருக்கிறது. விலை முழுவதையும் பாட்டக்காரரே கொடுத்திருந்தால், அவர் அனுபவிக்கும் 2 ஆண்டுகளுக்கு 4,800 ரூபாய் அவர் பங்கு. மீதி 19,200 ரூபாய் உடையவர் பங்கு. அதை ஆண்டுக்கு 9,600 ரூபாய் வீதம் பாட்டத்தில் கழித்துக்கொள்ளலாம். முழுச் செலவையும் உடையவரே ஏற்பதும் உண்டு. அப்போது பாட்டத்தைச் சற்று உயர்த்திப் பேசுவார். எப்படியாயினும் கணக்கு முன்னால் இருந்தால் மனக்கசப்பு பின்னால் வராது.

ஒப்படைப்புச் சீட்டு

பாட்டம் தொடங்கும் நாளில் இருவரும் மோட்டார் அறையில் நின்று ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

1. மின் இணைப்பு எண்ணும், அது யார் பெயரில் உள்ளது என்பதும்.
2. மோட்டாரின் குதிரைத்திறன், தயாரிப்பு எண், வாங்கிய ஆண்டு, எத்தனை முறை சுருள் கட்டப்பட்டது.
3. ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் எடுக்கும் ஆம்பியர். மின்பணியாளரின் கிளாம்பு மீட்டரில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.
4. ரிலே, சிங்கிள் பேசிங் தடுப்பான், எர்த் ஆகியவை உள்ளனவா, வேலை செய்கின்றனவா.
5. யார் எதைப் பழுது பார்ப்பது, எத்தனை நாட்களுக்குள், செலவை எப்படிக் கழிப்பது.
6. பாட்டம் முடியும்போது எந்த நிலையில் திருப்பித் தருவது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி வருவாய்த் துறை வைத்துவரும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் பாட்டக்காரருக்குப் பாதுகாப்பு. எழுத்து என்றாலே நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று சில உடையவர்கள் தயங்குகிறார்கள். நான் கண்டவரையில் மோட்டாரின் நிலையை எழுதி வைப்பதால் அதிகப் பயன் பெறுபவர் உடையவரே. நல்ல நிலையில் கொடுத்தேன் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு இல்லை. பேச்சு முறிந்து வழக்கு முற்றினால், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். அங்கே சமரசத்திற்கும் வழி உண்டு.

எர்த்தில் மட்டும் பங்கு பேசாதீர்கள்

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியவை. எர்த் உயிரைப் பற்றியது. காப்புக் கெட்ட மோட்டாரின் உடலில் மின்சாரம் கசியும். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும், அல்லது கசிவு தடுப்பான் மின்சாரத்தைத் துண்டிக்கும். எர்த் அறுந்திருந்தால், ஈரக் காலோடு வந்து வால்வைத் தொடுபவர் உடல் வழியாக மின்சாரம் மண்ணுக்குப் போகும். இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று இரண்டு மழைக் காலங்களைக் காணும் நம் மாவட்டத்தில் மோட்டார் அறைகள் ஆண்டில் பாதி நாள் ஈரமாகவே இருக்கின்றன. வால்வைத் தொடப்போவது பாட்டக்காரரா, அவர் மனைவியா, பள்ளி விட்டு வந்த பிள்ளையா, தோப்பைப் பார்க்க வந்த உடையவரா என்று மின்சாரம் பார்ப்பதில்லை.

எர்த் அமைப்பதும் கசிவு தடுப்பான் பொருத்துவதும் உடையவர் செலவு. கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய ஒவ்வொரு பூவின் தொடக்கத்திலும் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்துள்ளதா என்று பார்ப்பதும், எர்த் குழியில் நீர் ஊற்றி வருவதும் பாட்டக்காரர் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மெக்கர் கருவியில் காப்புத் திறனைப் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்ட வேண்டாம். அறையில் கைபட்டுச் சுரீர் என்று உணர்ந்தால், அது யார் செலவு என்று கேட்காமல் அந்த நிமிடமே மெயினை அணைத்துவிடுங்கள். அறுந்த எர்த் கம்பியை யார் கண்டாரோ அவரே அன்றே சரிசெய்யட்டும். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உழவர் பெருமக்களே! நாஞ்சில் நாட்டில் பாட்டம் என்பது பல இடங்களில் தந்தை காலத்திலிருந்து தொடரும் உறவு. ஒரு மோட்டாருக்காக அது முறிய வேண்டாம். வரும் கன்னிப்பூவுக்குப் பாட்டம் பேசும்போது, தொகையைப் பேசி முடித்த கையோடு இருவரும் மோட்டார் அறைக்குச் சென்று அந்த ஒரு தாளை எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான். மோட்டார் என்றேனும் நின்றுபோனால் அன்று பயிரும் பிழைக்கும், உறவும் பிழைக்கும்.